எண் மூன்றின் நண்பர்

வேலூரிலிருந்து வந்த கடிதத்தில் பெயர் இல்லை. பெயர் இருக்கக் கூடாது என்பதுதான் எங்கள் குழுவின் முதல் விதி. "எண் மூன்று வெள்ளிக்கிழமை மதிய பஸ்ஸில் போளூர் வந்து சேருவார். வெளிநாட்டவர், உயரமானவர். வழியில் எதையும் கேட்க வேண்டாம்" என்று மூன்றே வரிகள். கீழே கல்லூரிச் சிற்றாலயக் குருவின் கையெழுத்து. அதையும் யாரும் படிக்க முடியாதபடி போட்டிருந்தார். இரகசியம் காக்கத்தான் போலிருக்கிறது.

குழுவின் முழுப் பெயர் 'அயல்நாட்டு மாணவர் ஆத்தும ஆறுதல் ஊழியம், ஜவ்வாது மலைக் கிளை'. வேறு கிளை எதுவும் கிடையாது. தலைவர், ஜமுனாமரத்தூர் பக்கம் தகரக் கூரை போட்ட சிறு ஆலயத்தில் இருந்த போதகர் ஞானசிகாமணி. உறுப்பினர், அவர் மனைவி கிருபாவதி அம்மாள். செயலாளர் ஏசுராஜ், அதாவது நான். போளூர் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவன் என்பதால் ஆங்கிலம் தெரியும் என்று நம்பி என்னைப் போட்டார்கள்.

போதகரை மலைக்கு மாற்றியபோது அது தண்டனை என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டது. அவர் மட்டும் அதைத் தரிசனம் என்றார். பிறகு பெங்களூரில் பத்து நாள் பயிற்சிக்குப் போய் வந்தார், மன வேதனைப்படுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்லும் பயிற்சி. போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். வரும்போது அறுபத்திரண்டு பக்கச் சைக்ளோஸ்டைல் குறிப்புகளோடும், கண்ணாடி போட்ட சான்றிதழோடும், எதைச் சொன்னாலும் அரைக் கண்ணை மூடி "ம்ம்... அப்படியா உணர்கிறீர்?" என்று கேட்கும் புதிய பழக்கத்தோடும் வந்தார். "குழம்பில் உப்பில்லைங்க" என்ற மனைவியிடமும் அதையே கேட்டார் என்று கேள்வி.

அதுவரை எங்களிடம் வந்தவர்கள் இரண்டு பேர். எண் ஒன்று மலேசியாவிலிருந்து வந்த தமிழ்ப் பையன். ஆறு நாள் தூங்கினான், ஏழாம் நாள் நன்றி சொல்லிவிட்டுப் போனான். எண் இரண்டு வரவே இல்லை. ஆகவே 1978 மார்ச்சில் வந்த எண் மூன்றுதான் எங்களுக்கு உண்மையான முதல் எண்.

மதியம் ஒன்றரைக்கு போளூர் பஸ் நிலையத்தில் இறங்கிய வெளிநாட்டவர் ஒரே ஒருவன்தான். உயரம் சரியாக இருந்தது. ஒல்லியான உடம்பு, சுருட்டை முடி, கையில் பெட்டி கிடையாது. ஒரு வாரம் தங்க வருகிறவன் பெட்டியில்லாமல் வருவானா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எதையும் கேட்கக் கூடாதே.

"நீ பாஸ்டர் ஆளா சார்?" என்றான்.

தமிழில் கேட்டான். அதுவும் சுத்தமான வேலூர்த் தமிழ். எத்தியோப்பியாவிலிருந்து வந்து மூன்று வருடமாம். விடுதி மெஸ்ஸிலும் ரிக்‌ஷா நிறுத்தத்திலும் கற்ற பாஷை, அதில் 'ங்க' என்பதே கிடையாது.

"ஆமா, வாங்க தம்பி."

"விஷயம் இன்னான்னா சார்..."

போதகர் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்த புன்னகையைப் போட்டேன். "எல்லாம் மேல போய்ப் பேசிக்கலாம்."

"இல்ல சார், அர்ஜெண்ட்டு..."

"அதோ பாருங்க, புளியமரம். இந்த வருஷம் நல்ல காய்ப்பு."

மலை பஸ் ஏறியபின் ஆறு தடவை வாயைத் திறந்தான். ஆறு தடவையும் நான் தடுத்தேன். சாமை எப்படி விதைப்பார்கள் என்று சொன்னேன். வளைவுகளை எண்ணிக் காட்டினேன். கடைசியில் அவன் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு பேசாமல் வந்தான். பாவம், ரொம்ப முற்றிப்போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போதகர் வெள்ளை அங்கி போட்டு, வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றார். ஞாயிற்றுக்கிழமைகளில்கூட அவ்வளவு தூரம் விரிக்க மாட்டார்.

"வாரும், சகோதரனே!"

"பாதர், ஒரு நிமிஷம்..."

"பாதர் அல்ல, பாஸ்டர்."

"சரி பாஸ்டர். என் பேரு கிர்மா."

"பெயர் வேண்டாம்!" என்று போதகர் காதைப் பொத்திக்கொண்டார். 

"கேளு பாஸ்டர். பிரச்சினை எனுக்கு இல்ல. என் பிரண்டுக்கு."

போதகரின் முகம் மெல்ல மலர்ந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எனக்குத் தெரியும், பக்கம் பதினான்கு. அந்தக் குறிப்புகளைத் தமிழாக்கியவனே நான்தான். 'பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் தன் துன்பத்தை ஒரு நண்பரின் துன்பமாகச் சொல்வார். மறுத்துப் பேசாதீர்கள். நண்பரைப் பற்றியே பேச விடுங்கள்.' 

"உம்முடைய... நண்பருக்கு," என்றார் போதகர், அந்தச் சொல்லைப் பூப்போல எடுத்து வைத்து. "சொல்லும். உம் நண்பர் என்ன செய்கிறார்?"

கிர்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னான். நண்பன் பெயர் தெஸ்பாயே. இருவருக்கும் ஒரே ஊர், ஒரே அறை. இங்கே வர வேண்டியவன் அவன்தான். பத்து நாளுக்கு முன் அவனுக்கு வீட்டிலிருந்து கடிதம் வந்தது. அவனுடைய தம்பியைப் பட்டாளத்துக்காரர்கள் சுட்டு ரோட்டில் போட்டுவிட்டார்கள். யாரும் அழக்கூடாது என்று அவன் அம்மாவுக்கு உத்தரவு. அன்றைக்கே தெஸ்பாயே கதவைச் சாத்தினவன், வகுப்புக்கும் போவதில்லை, தூங்குவதும் இல்லை. டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரையை விழுங்காமல் ஒரு பாட்டிலில் சேர்த்து வைக்கிறான். சிற்றாலயக் குரு மெட்ராசுக்குப் போயிருக்கிறார். விடுதிக் காப்பாளரிடம் சொன்னால், படிக்கத் தகுதியில்லை என்று எழுதி ஊருக்கு அனுப்பிவிடுவார். அங்கே நடப்பது பட்டாள ஆட்சி, இறங்கினால் விமான நிலையத்திலேயே பிடித்துக்கொள்வார்கள்.

"நானு போவ மாட்டேன்னு சொல்ட்டான். அதான் அவன் டிக்கெட்டுல நான் வந்தேன். நீ கீழ வா பாஸ்டர். வந்து அவன்கிட்ட பேசு. பாட்டில வாங்கு. நாளைக்கே வா."

போதகர் அரைக் கண்ணை மூடினார். "உம் நண்பர் இப்போது எப்படி உணர்கிறார்?"

"எனுக்கு எப்படித் தெரியும்? அவன் அங்க கீறான், நான் இங்க கீறேன்!"

போதகர் என் பக்கம் சாய்ந்து மெதுவாக, "பார்த்தீரா ஏசுராஜ், இரண்டாகப் பிரிகிறார்" என்றார். வாழ்நாளெல்லாம் காத்திருந்த பறவையைக் கிளையில் கண்டவர்போல அவர் குரல் நடுங்கியது.

எனக்கு அப்போதே ஒன்றும் புரியவில்லை. இந்தப் பையன் சொல்வது பொய்யானால் இவனுக்கு உடம்பு சரியில்லை, இங்கே கொண்டுவந்தது நியாயம். சொல்வது உண்மையானால் நாங்கள்தான் பைத்தியக்காரர்கள். இரண்டில் எது என்று அவன் முகத்தைப் பார்த்தேன். நோயாளி மாதிரி ஒரு கணம் இருந்தான், தந்தி கொண்டுவந்த ஆள் மாதிரி மறுகணம் இருந்தான். பெங்களூர்க் குறிப்புகளில் தந்திக்காரனைப் பற்றி ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு, அன்றைக்குக் கீழே இறங்கும் ஒரே பஸ் வந்து நின்றது. கிர்மா ஓடிப்போய்ப் படியில் கால் வைத்துவிட்டான். போதகர் பின்னால் போய் இடுப்பைக் கட்டிக்கொண்டார். நான் கையைப் பிடித்தேன். 

"வுடு சார்! அவன் தனியா கீறான்!"

"உம்மைத் தனியே விடமாட்டோம், சகோதரனே!"

பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்கள். "இன்னாங்க சாமி, ஆள் புடிக்கிற வேலை ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று ஒரு குரல். "மதம் மாத்தறதுக்கு இம்மாம் பலாத்காரமா?" என்று இன்னொன்று. "யோவ், அவரு ஏற்கெனவே கிறிஸ்டியன்யா," என்று யாரோ சொல்ல, "அப்புறம் இன்னாத்துக்கு இழுக்கறாங்க?" என்று முதல் குரல் கேட்டது. நடத்துநர் விசில் ஊதினார். பஸ் போய்விட்டது. கிர்மா புழுதியில் அப்படியே உட்கார்ந்தான்.

"தப்பியோடும் முயற்சி. பக்கம் இருபத்தொன்று," என்றார் போதகர், மூச்சு வாங்கியபடி.

காலை ஆகாரத்துக்குக் கிருபாவதி அம்மாள் ஆம்லெட் போட்டுவைத்தார். கிர்மா தட்டைத் தள்ளினான். "நோன்பு. முட்டை, பால் ஒண்ணும் கூடாது. ஈஸ்டர் வரிக்கும்."

எங்களுக்கும் அது தபசு காலம்தான். போதகர் தம்முடைய ஆம்லெட்டை முடித்துவிட்டு, பென்சிலை எடுத்து 'உணவு மறுப்பு' என்று எழுதிக்கொண்டார்.

ஆகாரத்தை மறுத்தவன் சமையல்கட்டுப் பக்கம் போனான். அங்கே சமைப்பவர் செல்லியம்மாள், பக்கத்து ஊர் விவசாயக் குடும்பம். அவர் கும்பிடுகிற தெய்வம் வேறு. எங்கள் குழு எதற்கு இருக்கிறது என்பது இரண்டு வருடமாகியும் அவருக்குப் பிடிபடவில்லை. "வூட்ல சண்டை போட்டுக்கினு வர்ற புள்ளைங்க தங்கற எடம்" என்று ஊரில் சொல்லிவைத்திருந்தார். நான் அவனைக் கண்காணிக்க வேண்டும் என்பது தலைவரின் உத்தரவு. ஆகவே கதவோரம் நின்றேன்.

செல்லியம்மாள் சாமைச் சோற்றில் கீரையைக் கடைந்து ஊற்றி அவன் முன்னால் வைத்தார்.

"பால் கீதா ஆயா?"

"ஆயான்றான் பாரு! எனக்கு இன்னா வயசுன்னு நெனச்ச? பாலும் இல்ல மோரும் இல்ல, துன்னு."

"மூணு மணி வரிக்கும் துன்ன மாட்டேன்."

"அப்ப மூடி வைக்கறேன். ஏன்டா காலைல அந்தக் கூத்து?"

திரும்பவும் எல்லாவற்றையும் சொன்னான். செல்லியம்மாளுக்கு எத்தியோப்பியா எங்கே இருக்கிறது என்று தெரியாது. நண்பன் என்றால் யார் என்பது பற்றியும் அவருக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. 

"இப்ப அவன் கூட யாரு கீறா?"

"யாரும் இல்ல. மெஸ்ல மாதையன் அண்ணன் கீறாரு. மணிக்கு ஒருக்கா கதவத் தட்டு, கொரல் குடுக்கறானா பாருன்னு சொல்லிட்டு வந்தேன். ஆனா அவருக்கு சனிக்கெழம மதியத்தோட லீவு. படவேட்டுக்குப் போய்டுவாரு. வர்றது திங்கக்கெழமதான்."

"இன்னிக்கு இன்னா கெழம?"

செல்லியம்மாள் கரண்டியோடு திரும்பி என்னைப் பார்த்தார். "சனிக்கெழமதானே வாத்தியாரே?"

கற்பனை நண்பனுக்குக் கற்பனை மெஸ் ஆள் ஒருவன் கதவு தட்டலாம். ஆனால் அந்த மெஸ் ஆளுக்குச் சனிக்கிழமை மதியம் லீவு, சொந்த ஊர் படவேடு என்றெல்லாம் எந்தக் கற்பனை வேலை மெனக்கெட்டு யோசிக்கும்?

போதகரிடம் ஓடினேன். அவர் அசையவில்லை. "துன்புற்ற மனம் விவரங்களை உண்டாக்கும் ஏசுராஜ். பக்கம் பதினாறு. நீர்தானே தமிழாக்கினீர்?"

"ஆமாங்க ஐயா. ஆனா ஒருவேளை..."

"விவரம் எவ்வளவு அதிகமோ, நோய் அவ்வளவு ஆழம்."

அப்படியானால் விவரமே சொல்லாதிருந்தால்? அதற்கும் ஒரு பக்கம் இருந்தது என்று எனக்கு நினைவு வந்தது, பக்கம் பதினெட்டு. அந்தக் குறிப்புகளின்படி குணமாக இருப்பதற்கு வழியே கிடையாது. போதகரைச் சொல்லி என்ன, அரைக் கண் மூடாமலே நானும் நேற்று முழுக்க அந்தப் பையனுக்குப் புளியமரம் காட்டிக்கொண்டு வந்தவன்தானே.

கிருபாவதி அம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் கேட்டார். "ஏங்க, எனக்கொரு சந்தேகம். சிநேகிதன் நெஜமாவே இருந்துட்டா இன்னா செய்யணும்னு அதுல போட்டிருக்காங்களா?"

"எல்லாம் போட்டிருக்கிறது," என்றார் போதகர். பக்கம் பதினான்கைத் திருப்பினார். பதினைந்தைத் திருப்பினார். அறுபத்திரண்டு வரைக்கும் போய், பின்னட்டையையும் பார்த்தார். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"போடலீங்களா?" என்றார் கிருபாவதி அம்மாள்.

போதகர் அந்தக் காகிதங்களை அடுக்கித் தோள்பையில் வைத்தார். அந்த மனிதரைப் பத்து வருடமாக அறிவேன். அவர் முகத்தில் பயத்தை அன்றுதான் பார்த்தேன். அதை அரை நிமிடத்தில் துடைத்துவிட்டு எழுந்தார்.

"பாதிக்கப்பட்டவரைத் தனியே விடக் கூடாது என்பது விதி. அவர் கீழே போனால் நாமும் போக வேண்டும். போக மாட்டேன் என்று நான் எங்கே சொன்னேன்?"

பஸ் இல்லை. தீர்த்தகிரியின் லாரி மதியம் புளி மூட்டை ஏற்றிக்கொண்டு போளூர் மண்டிக்குப் புறப்பட்டது. முன்சீட்டில் ஏற்கெனவே ஐந்து பேர். நாங்கள் மூவரும் மூட்டைகளின்மேல் ஏறினோம். சான்றிதழ் பெற்ற ஆறுதல்காரரை நானும் கிர்மாவும் ஆளுக்கொரு கையாகத் தூக்கிப் போட வேண்டியிருந்தது. 

"சாமி, அங்கியை இழுத்துக் கட்டிக்குங்க," என்று தீர்த்தகிரி கீழேயிருந்து கத்தினார். "காத்துல விரிஞ்சுதுன்னா, கீழ ஊர்ல ஏதோ தெய்வம் எறங்குதுன்னு கெடா வெட்டிடுவானுங்க!"

முதல் வளைவில் போதகர் ஒரு மூட்டையைக் கட்டிப்பிடித்தார். மூன்றாவது வளைவில் என்னைக் கட்டிப்பிடித்தார். 

"உனுக்கு பயமா கீதா பாஸ்டர்?" என்றான் கிர்மா.

"எனக்கு இல்லை," என்றார் போதகர் கண்ணை முழுதாக மூடிக்கொண்டு. "ஏசுராஜுக்குத்தான் பயம்."

கிர்மா அவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "ஓகோ. உன் பிரண்டுக்கு!" என்று சொல்லி, இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தான். போதகருக்கு அது உறைத்ததா என்று தெரியவில்லை. காது மட்டும் சிவந்தது. அடுத்த வளைவில் கிர்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார், அங்கிருந்து போளூர் வரை விடவில்லை. சிரித்து முடித்த கிர்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மணி இரண்டு. மாதையன் போயிருப்பார்.

போளூரில் பஸ் பிடித்து, கண்ணமங்கலம் வழியாக வேலூரில் இறங்கும்போது ஆறு மணி ஆகப்போகிறது. விடுதிப் படிகளை கிர்மா மூன்று மூன்றாகத் தாவினான். பின்னாலேயே போதகர், அங்கியெல்லாம் புளிக்கொட்டை ஒட்டியபடி. நான் கடைசி. மாடியில் கோடிக்கு இருந்த அறையின் கதவு சாத்தியிருந்தது. 

கிர்மா தட்டினான். அவர்கள் பாஷையில் கூப்பிட்டான். குரல் இல்லை. மறுபடி தட்டினான். போதகரின் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. கிர்மா தோளால் கதவை மோதினான். அது பூட்டியே இருக்கவில்லை, திறந்துகொண்டது. அறை காலி. இரண்டு கட்டில், ஒரு மேசை. ஒரு கட்டிலின் தலையணைக்கு அடியில் கிர்மா கையைவிட்டு ஒரு பாட்டிலை எடுத்தான். குலுக்கினான். நிறைய சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் எனக்குப் போன உயிர் வந்தது.

அப்போது படியில் யாரோ ஓடிவரும் ஓசை. வாசலில் ஒருவன் வந்து நின்றான். கிர்மாவைவிடக் கொஞ்சம் குட்டை, சவரம் செய்யாத முகம், முழங்கால் வரை சேறு. கிர்மாவைப் பார்த்ததும் பாய்ந்து சட்டையைப் பிடித்தான். அவர்கள் பாஷையில் அவனைத் திட்டினான். திட்டு எந்த பாஷையிலும் புரியும். பிறகு எங்களைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினான். இவனுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. நான்தான் போதகருக்குச் சொன்னேன்.

"நேற்றுக் காலையிலிருந்து இவனைக் காணவில்லையாம். ஒரு சீட்டுகூட எழுதி வைக்கவில்லையாம். இரண்டு நாளாகத் தேடுகிறானாம். கோட்டை அகழிப் பக்கம் மூன்று தடவை போய்ப் பார்த்தானாம்."

"அகழிக்கு ஏன்?" என்றார் போதகர்.

கேட்டேன். தெஸ்பாயே என்னை முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "இவன் அதில் விழுந்திருப்பான் என்று பயந்தேன். " பிறகு போதகரின் அங்கியைப் பார்த்தான். "ஐயா, நீங்கள் குருவானவரா? நல்லவேளை. இவனிடம் பேசுங்கள். பிரச்சினை எனக்கில்லை. என் நண்பனுக்கு."

போதகரின் கை தானாகத் தோள்பைக்குள் போனது. குறிப்புகளைத் தொட்டது. அப்படியே நின்றது.

"பொய் சொல்றான் பாஸ்டர்!" என்றான் கிர்மா. "இவன்தான் தூங்கறதில்ல!"

"நான் தூங்காதது இவனைக் காவல் காக்க," என்றான் தெஸ்பாயே, ஆங்கிலத்தில். "இவன்தான் விடிய விடிய ஜன்னலில் நிற்கிறான்."

"இந்த பாட்டில் யார்துன்னு கேளு சார்!"

கேட்டேன். "அவனுடையது. ஒரு நாளும் விழுங்குவதில்லை. அவன் பெட்டியிலிருந்து எடுத்து என் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்தேன்."

"என் பெட்டில வச்சதே இவன்தான்!"

யாருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை என்று பார்த்தால் தெரிந்துவிடும் என்று பாட்டிலை வாங்கினேன். சீட்டு ஒட்டியிருந்தது. 'எண் 3' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. மருந்தகத்திலும் பெயர் எழுதக் கூடாது என்று போன வருடம் நேரில் வந்து மன்றாடி அனுமதி வாங்கிப்போனவர் போதகர்தான். சீட்டை அவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். அதற்குப் பிறகும் அது எண் மூன்றாகத்தான் இருந்தது.

"தன் அக்காவைப் பற்றி உங்களிடம் சொன்னானா?" என்று தெஸ்பாயே கேட்டான்.

நான் கிர்மாவைப் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"சொல்லியிருக்க மாட்டான். என் தம்பியைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருப்பான். அவன் அக்காவைப் பட்டாளத்துக்காரர்கள் கூட்டிக்கொண்டு போய் ஐந்து மாதம் ஆகிறது. எங்கே என்று தெரியாது. அன்றையிலிருந்து இவன் சிரித்துக்கொண்டே இருக்கிறான். எல்லாரும் இவனை நல்லாயிருக்கிறான் என்கிறார்கள். பிரச்சினை எனக்கென்று சிற்றாலயக் குருவிடம் போய்ச் சொன்னவனும் இவன்தான்."

இதை நான் தமிழில் சொல்லி முடித்தபோது எனக்கே தலை சுற்றியது. அப்படியென்றால் போதகர் சொன்னது சரியா? பக்கம் பதினான்கு சரியா? காலையில் பஸ்ஸிலிருந்து இழுத்துப் போட்டது நியாயமா? இல்லை, நண்பன் நிஜம், இதோ சேற்றோடு நிற்கிறான். நாங்கள் சரியாகத் தப்பு செய்தோமா, தப்பாகச் சரி செய்தோமா? போதகரைக் கேலி செய்ய நான் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் அந்த அறையில் உதவவில்லை.

போதகர் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தார். அங்கி விரிந்து, புளிக்கொட்டை இரண்டு உருண்டு ஓடியது. "அப்படியா உணர்கிறீர்" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பிறகு, எதையோ திருடுகிறவர்போல் மெல்லக் கேட்டார்.

"உங்க தம்பி பேரு என்னப்பா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெயர் கேட்கக் கூடாது என்று விதி எழுதியவர் அவர். தெஸ்பாயேவுக்குச் சொன்னேன்.

"தாவித்," என்றான் அவன்.

"தாவீதா?"

"தாவித்."

"தாவித்," என்று சரியாகச் சொன்னார் போதகர். கிர்மா பக்கம் திரும்பினார். "உங்க அக்கா?"

கிர்மா சிரித்தான். அது வழக்கமான சிரிப்பு, லாரியில் பார்த்த அதே சிரிப்பு. சிரித்தபடியே, "வுடு பாஸ்டர், எனுக்கு ஒண்ணும் இல்ல" என்றான். போதகர் விடவில்லை, கேட்கவும் இல்லை. தரையில் உட்கார்ந்தபடி நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவன் முகத்தில் நிற்க இடமில்லாமல் போனது.

"அல்மாஸ்," என்றான்.

"அல்மாஸ்," என்றார் போதகர்.

முதலில் அழுதது தெஸ்பாயேதான் என்று நினைக்கிறேன். கிர்மாவாகவும் இருக்கலாம். இருவரும் ஒருவர் தலையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்ததால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. பக்கத்து அறைக்காரன் எட்டிப் பார்த்தான். அழக்கூடாது என்ற உத்தரவு இந்த ஊருக்குச் செல்லாது என்பதுபோல் போதகர் அவனைக் கையை ஆட்டிப் போகச் சொன்னார். பிறகு ஜெபித்தார். இரண்டு பெயரையும் சொல்லி, "கர்த்தாவே, எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று முடித்துவிட்டார். நான் கேட்டதிலேயே அவருடைய மிகச் சிறிய ஜெபம் அதுதான். ஆமென் சொல்லக்கூட மறந்துபோனார்.

மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். விடுதிக் காப்பாளருக்கு 'இரு மாணவர்களும் நோன்புக்காலத் தியானத்துக்கு என்னோடு வருகிறார்கள்' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார். அன்றிரவு நாங்கள் அங்கேயே தங்கி, ஞாயிறு காலை முதல் பஸ்ஸுக்கு நால்வரும் கிளம்பினோம். மலை ஆலயத்தில் அன்றைக்குப் பிரசங்கம் இல்லை. சபையார் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

பஸ் நிலையத்தில் கிர்மா என்னை ஓரமாக இழுத்தான். "சார், அவன் மேல ஒரு கண்ணு வச்சிக்க. என்னப் பத்தி அவன் சொன்னத நம்பாத." டீக்கடைப் பக்கம் தெஸ்பாயே என்னை ஓரமாக இழுத்து, அதையே ஆங்கிலத்தில் சொன்னான். இரண்டு பேருக்கும் சரி என்றேன். பிறகு போதகரிடம் போய், "ஐயா, அறிக்கையில எண் மூணுன்னு யாரைங்க போடறது?" என்று கேட்டேன். 

"எண்ணா?" என்றார், ஏதோ தெரியாத வார்த்தையைக் கேட்டவர் மாதிரி. "மேலே நம்மிடம் எத்தனை கட்டில் இருக்கிறது?"

"ஒண்ணுதாங்க. பாதிக்கப்பட்டவர் ஒருத்தர்தான் வருவார்னு..."

"செல்லியம்மா வீட்டில் ஒன்று கேட்டு வாங்கலாம்."

போளூரிலிருந்து மலை பஸ் ஏறினோம். பின்சீட்டில் போதகர் நடுவில், அவருக்கு இரண்டு பக்கமும் இருவர். நான் எதிரே மூட்டைமேல். புளியமரங்கள் வந்தன. அவற்றைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது வளைவில் தெஸ்பாயேயின் தலை சாய்ந்து போதகரின் இடது தோளில் விழுந்தது. அடுத்த வளைவில் கிர்மாவின் தலை வலது தோளில் விழுந்தது. இருவரும் வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு, பல நாள் தூக்கத்தை ஒரேயடியாகத் தூங்கினார்கள். வளைவுக்கு வளைவு பயப்படுகிற போதகர் பிடித்துக்கொள்ளக் கம்பிகூட எட்டாமல், இரண்டு தோளையும் அசைக்காமல், விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். 

வெகுதூரம் போனபின் உதட்டை மட்டும் அசைத்தார்.

"ஏசுராஜ்."

"சொல்லுங்க ஐயா."

"இதுல தூங்காதவர் யாரு?"

இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"தெரியலைங்க ஐயா."

"எனக்கும்," என்றார். அடுத்த வளைவு வந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.